சிறுநீரகப் புற்றுநோய்க்கு மாத்திரையா, ஊசியா, இரண்டுமா? டெல்டாக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

பரவிவிட்ட சிறுநீரகப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்துவிட்டால், இன்று டாக்டர் முன்வைக்கக்கூடிய வழிகள் நான்கு. ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மாத்திரை மட்டும். அந்த மாத்திரையோடு சேர்த்து நோய் எதிர்ப்பு ஊசி, அதாவது இம்யூனோதெரபி. மாத்திரையே இல்லாமல் இரண்டு இம்யூனோதெரபி ஊசிகள். இவை கேட்காமல் போனால், செல் ஆக்சிஜனை உணரும் பாதையிலேயே கை வைக்கும் பெல்சுட்டிஃபான் என்ற மாத்திரை. 2005 வாக்கில்கூட இந்த நோய்க்கு இன்டர்ஃபெரான், இன்டர்லூகின் ஊசிகளை விட்டால் உருப்படியாக ஒன்றும் இருக்கவில்லை. இப்போது வழிகள் பெருகிவிட்டன, குழப்பமும் கூடவே பெருகிவிட்டது.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் நான். டாக்டர் இல்லை. ஆனாலும் சொந்தக்காரர்களும் பழைய மாணவர்களும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "சார், டாக்டர் ரெண்டு வழி சொல்றாரு, யோசிச்சுச் சொல்லுங்கன்னுட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் புற்றுநோய் மருத்துவர்தான். ஆனால் அவர் முன் என்ன கேட்பது, அவர் சொல்வதை எதை வைத்து எடைபோடுவது என்பதைக் குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு மிகவும் ஆசை. ஏனென்றால் இந்த முடிவில் நிலம் போகிறது, நகை போகிறது, பிள்ளைகளின் வேலை போகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு விஷயங்கள் முடிவைத் தீர்மானிக்க வேண்டும்: நோய் எந்த ஆபத்துப் பிரிவில் இருக்கிறது (நல்லது, நடுத்தரம், மோசம் என்று மூன்று பிரிவுகள்; கண்டுபிடிக்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்), பக்கவிளைவு வந்தால் எத்தனை மணி நேரத்தில் விவரம் தெரிந்த ஆஸ்பத்திரியை எட்ட முடியும். நல்ல பிரிவில் இருப்பவருக்காக நிலத்தை விற்று ஊசி போட வேண்டிய அவசியம் இல்லை. மோசமான பிரிவில் இருப்பவருக்கோ, ஊசி கிடைக்க என்ன வழி என்று தேடிப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

இங்கே சொல்வதெல்லாம் கிளியர் செல் என்ற வகைக்கு மட்டும். சிறுநீரகப் புற்றுநோயில் நான்கில் மூன்று பங்கு இந்த வகைதான். பயாப்ஸி ரிப்போர்ட்டில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கணக்கே வேறு.

மருந்துகளுக்குப் போகுமுன் கட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். இது புரிந்தால்தான் மூன்று வகை மருந்துகள் மூன்று வெவ்வேறு இடத்தில் அடிக்கின்றன என்பது விளங்கும்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் தனக்கு ஆக்சிஜன் போதுமா என்று ஓயாமல் அளந்துகொண்டிருக்கிறது. இதற்கு ஹிஃப் என்ற புரதம் இருக்கிறது. செல் அதை எந்நேரமும் தயாரிக்கிறது, தயாரித்த சில நிமிடங்களிலேயே அழித்தும் விடுகிறது. ஆக்சிஜன் இருக்கும்போது பிஎச்டி என்ற நொதி, இரும்பின் துணையோடு, ஹிஃப் மேல் ஒரு ஆக்சிஜன் அணுவை ஒட்டுகிறது. அந்த அடையாளம் இருந்தால் விஎச்எல் என்ற இன்னொரு புரதம் ஹிஃப்பைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடும். ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் விழாது. ஹிஃப் தங்கிவிடும். தங்கிய ஹிஃப் செல்லின் கருவுக்குள் போய் நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தட்டி எழுப்பும். புது ரத்தக்குழாய் வரவழைக்கும் விஇஜிஎஃப், சிவப்பணுவைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின், ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்கும் நொதிகள் எல்லாம் அப்படி எழுந்தவைதான். இதைக் கண்டுபிடித்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

பெரும்பாலான கட்டிகளில் ஹிஃப் தங்குவதற்குக் காரணம் உண்மையான மூச்சுமுட்டல்தான். நுண்ணிய ரத்தக்குழாயிலிருந்து ஆக்சிஜன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு தூரம்தான் ஊடுருவும். கட்டி வேகமாகப் பெருகும்போது உள்ளே இருக்கும் செல்களுக்கு அது எட்டாது. கல்லணையில் தண்ணீர் திறந்தும் வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை காய்ந்து கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோமே, அதே கதை. அந்தக் காய்ந்த செல்கள்தான் 'எனக்கும் வாய்க்கால் வெட்டு' என்று விஇஜிஎஃப்பை அனுப்புகின்றன.

சிறுநீரகத்தில் கதை வேறு. இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அங்கே ரத்தத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் கிளியர் செல் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் விஎச்எல் மரபணுவே கெட்டுப்போயிருக்கிறது. பிடித்துக்கொடுக்க ஆள் இல்லாததால் ஹிஃப் அழிவதே இல்லை. ஆக்சிஜன் நிறைய இருந்தும் செல் மூச்சுமுட்டுவதாகவே நடந்துகொள்கிறது. ரத்தக்குழாய்களை வரவழைத்துக்கொண்டே இருக்கிறது. சிறுநீரகக் கட்டி ஸ்கேனுக்காக ஏற்றும் சாய மருந்தை உறிஞ்சிப் பளிச்சென்று தெரிவதற்கு இந்த ரத்தக்குழாய்க் கூட்டம்தான் காரணம். ஹிஃப் குடும்பத்திலும் ஹிஃப்-2 ஆல்ஃபா என்ற உறுப்பினர்தான் இந்த நோயை முன்னின்று நடத்துகிறது.

(இங்கே ஒரு சின்னச் செய்தி. ஆக்சிஜன் குறைவதை அறியும் ஏற்பாடு நெற்பயிருக்கும் உண்டு, ஆனால் அதன் நொதிக் குடும்பம் வேறு. நம் பக்கம் சம்பாவுக்குப் போடும் சிஆர் 1009 சப் 1 இரண்டு வாரம்வரை தண்ணீருக்குள் தாங்குவது சப் 1 மரபணுவால். மூழ்கிய பயிர் வீணாக நீண்டு சக்தியைக் கரைத்துவிடாமல் அது அடக்கிவைக்கிறது. மூச்சுமுட்டும்போது செல் என்ன செய்கிறது என்ற கேள்வி வயலிலும் உண்டு, வார்டிலும் உண்டு.)

அப்புறம் நோய் எதிர்ப்பு செல்கள். கட்டியை அழிக்கவேண்டியவை கொல்லி டி செல்கள். ஹிஃப் வேலை செய்யும் இடத்தில் அவற்றுக்கு வரிசையாகத் தடைகள். விஇஜிஎஃப் வரவழைக்கும் ரத்தக்குழாய்கள் ஒழுங்கற்றவை, கசிபவை. டி செல்கள் அவற்றின் சுவரைப் பிடித்து உள்ளே இறங்குவது கஷ்டம். அதே விஇஜிஎஃப், டி செல்களுக்கு எதிரியை அடையாளம் காட்டும் டென்ட்ரைட்டிக் செல்கள் முதிர்ச்சியடையாமல் தடுக்கிறது. சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமல் உடைப்பதால் லாக்டிக் அமிலம் சேர்கிறது; அமிலச் சூழலில் டி செல்கள் சுணங்கிவிடும். ஆக்சிஜன் குறைந்த இடங்களுக்கு மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் செல்கள் கூட்டமாக வந்து, சண்டை போடுவதை விட்டுக் கட்டிக்கு ஊட்டம் கொடுக்கத் தொடங்குகின்றன. நோய் எதிர்ப்பை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் சேர்ந்துகொள்கின்றன. 2025-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் இவற்றைப் பற்றிய ஆய்வுக்குத்தான். போதாக்குறைக்கு ஹிஃப் நேரடியாகவே பிடி-எல்1 என்ற புரதத்தைக் கட்டியின் மேல்பரப்பில் கூட்டுகிறது. டி செல்லின் மேல் உள்ள பிடி-1 என்ற பிரேக்கை அழுத்தும் விரல் அது.

சிறுநீரகக் கட்டியின் விசித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். மற்றப் பல புற்றுநோய்களில் கட்டிக்குள் கொல்லி டி செல்கள் நிறைய இருந்தால் நல்ல அறிகுறி. கிளியர் செல் வகையில் அவை நிறைய இருந்தும் நோய் மோசமாகப் போவதுண்டு. வந்த டி செல்களில் பெரும்பாலானவை களைத்து, பிரேக் அழுத்தப்பட்டு, வேலை செய்யாமல் நிற்கின்றன. அந்தப் பிரேக்கை எடுத்துவிடும் ஊசிகளுக்கு இந்த நோய் மசிவது அதனால்தான். பிரேக்குகளைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் ஆலிசன், டசுக்கு ஹோஞ்ஜோ இருவருக்கும் 2018-இல் நோபல் கிடைத்தது.

சரி, இனி வழிகள்.

முதல் வழி, மாத்திரை மட்டும். சுனிட்டினிப், பசோபானிப் இரண்டும் விஇஜிஎஃப் செய்தியைப் பெறும் ஏற்பிகளை அடைப்பவை. ஹிஃப்பைத் தொடுவதில்லை, அது அனுப்பும் கட்டளை போய்ச் சேராமல் செய்கின்றன. சுனிட்டினிப்பை இன்டர்ஃபெரானோடு ஒப்பிட்ட சோதனை 2007-இல் வெளியானது. நோய் மோசமாகாமல் இருந்த காலம் நடுவாக (பாதிப் பேருக்கு இதைவிட அதிகம், பாதிப் பேருக்குக் குறைவு) 11 மாதம், இன்டர்ஃபெரானில் 5 மாதம். அன்றைக்கு அது பெரிய பாய்ச்சல். பசோபானிப் அதற்குச் சளைத்ததல்ல என்று பின்னர் நிரூபணமானது. இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்து எது பிடித்திருக்கிறது என்று நோயாளிகளிடமே கேட்ட ஒரு சோதனையில் 70 சதவீதம் பேர் பசோபானிப்பையும் 22 சதவீதம் பேர் சுனிட்டினிப்பையும் சொன்னார்கள். சோர்வும் கைகால் எரிச்சலும் குறைவு என்பது முக்கியக் காரணம்.

நம் ஊருக்கு இந்தக் கைகால் விவகாரம் சின்ன விஷயமில்லை. சுனிட்டினிப்பில் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, தோல் தடித்து, கொப்புளித்து, வெடிக்கும். ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் சமாளித்துவிடலாம். நடவுக்குப் போகிற அம்மாவோ, வரப்பில் செருப்பில்லாமல் நடக்கிறவரோ சமாளிப்பது கடினம். வெடித்த காலோடு சேற்றில் இறங்கினால் சீழ் பிடிக்கும். மருந்து தொடங்கும் முன்பே மெத்தென்ற செருப்பு, யூரியா கலந்த களிம்பு, காலில் ஏற்கெனவே உள்ள ஆணியைச் சீர்செய்வது என்று டாக்டரிடம் கேட்டுவையுங்கள். நான்கு வாரம் சாப்பிட்டு இரண்டு வாரம் நிறுத்துவது பழைய முறை. இரண்டு வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் நிறுத்தும் முறையும் உண்டு, பலருக்கு அது தாங்குகிறது. பசோபானிப்பில் கல்லீரல் அளவுகள் ஏறும். முதல் மாதங்களில் அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். அதை வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும்: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன், அல்லது இரண்டு மணி நேரம் பின். முடி வெள்ளையாகும், பயப்பட ஒன்றுமில்லை. இரண்டிலும் ரத்த அழுத்தம் ஏறும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருபவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வாரம் ஒருமுறை அழுத்தம் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவைத்தால் டாக்டருக்கு அது பெரிய உதவி.

இந்த வழியின் பெரிய பலம், இரண்டு மருந்துகளும் இந்தியாவில் பல கம்பெனிகளின் பொது மருந்தாக, அதாவது ஜெனரிக்காக, கிடைப்பது. ஊசியின் செலவோடு வைத்துப் பார்த்தால் பல மடங்கு குறைவு. மாதம் ஒருமுறை பயணம், மற்றபடி வீட்டில். பலவீனம்: நோய் முழுதாக மறைந்துபோவது மிக அரிது, பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் கட்டி வேறு வழி கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவது வழி, மாத்திரையும் ஊசியும். பெம்ப்ரோலிசுமாப் ஊசியோடு ஆக்சிட்டினிப் மாத்திரை சேர்த்ததைச் சுனிட்டினிப்போடு ஒப்பிட்ட கீநோட்-426 சோதனை 2019-இல் வந்தது. ஓராண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 89.9 சதவீதம், சுனிட்டினிப்பில் 78.3. கட்டி கணிசமாகச் சுருங்கியவர்கள் 59.3 சதவீதம், அங்கே 35.7. பெம்ப்ரோலிசுமாபோடு லென்வாட்டினிப் என்ற அதே வகை மாத்திரை சேர்த்த சோதனையில் நோய் மோசமாகாத காலம் 23.9 மாதம், சுனிட்டினிப்பில் 9.2. ஏன் இவ்வளவு வித்தியாசம்? மேலே சொன்ன தடைகளை நினைத்துப் பாருங்கள். மாத்திரை விஇஜிஎஃப்பை அடைக்கும்போது ரத்தக்குழாய்கள் மட்டும் குறைவதில்லை. டி செல்கள் உள்ளே இறங்கவும் டென்ட்ரைட்டிக் செல்கள் முதிரவும் இடம் கிடைக்கிறது. ஊசி பிரேக்கை எடுக்கிறது.

மூன்றாவது வழி, நிவோலுமாப், இபிலிமுமாப் இரண்டு ஊசிகள். இரண்டும் இரண்டு வேறு பிரேக்குகளை எடுப்பவை. மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு தடவை சேர்த்து, அப்புறம் நிவோலுமாப் மட்டும். செக்மேட்-214 சோதனை, நடுத்தர, மோசமான பிரிவுகளில்: 18 மாத முடிவில் 75 சதவீதம் பேர் உயிரோடு, சுனிட்டினிப்பில் 60. கட்டி முழுதாக மறைந்தவர்கள் 9 சதவீதம், சுனிட்டினிப்பில் 1. என்னைக் கவர்வது இந்த ஒன்பதுதான். நூற்றில் ஒன்பது பேர்தான், ஆனால் பரவிய நோய் ஸ்கேனில் இல்லாமல் போனது. கடுமையான பக்கவிளைவுகளும் 46 சதவீதம்தான், சுனிட்டினிப்பில் 63. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு: மருந்து பிடிக்காதவர்களுக்கு நோய் முதல் சில மாதங்களிலேயே வேகமாக ஓடிவிடும். வயிறு நிறையக் கட்டி, எலும்பில் வலி, மூச்சுத் திணறல் என்று ஏற்கெனவே அவதிப்படுபவருக்குச் சீக்கிரம் சுருக்கும் இரண்டாவது வழிதான் பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

ஒரு எச்சரிக்கை. 89.9-ஐயும் 75-ஐயும் பக்கத்தில் வைத்து இது உயர்ந்தது, அது தாழ்ந்தது என்று சொல்லக் கூடாது. ஒன்று ஓராண்டுக் கணக்கு, இன்னொன்று ஒன்றரை ஆண்டுக் கணக்கு. சேர்க்கப்பட்ட நோயாளிகளின் நிலையும் வேறு. வாட்ஸ்அப்பில் வரும் ஒப்பீட்டுப் படங்களில் பாதி இந்தத் தவறைத்தான் செய்கின்றன.

பிரிவு, பிரிவு என்கிறேனே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், முடிவின் ஆணிவேர் இதுதான். ஆறு கேள்விகள். நோய் தெரிந்து ஓராண்டுக்குள் மருந்து தொடங்க வேண்டியதாகிவிட்டதா? அன்றாட வேலைகளைத் தானே செய்ய முடியாத அளவுக்குத் தளர்ச்சியா? ஹீமோகுளோபின் குறைவா? கால்சியம் அதிகமா? நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு அதிகமா? பிளேட்லெட் அதிகமா? ஒவ்வொரு 'ஆம்' என்பதற்கும் ஒரு புள்ளி. ஒன்றுமில்லை என்றால் நல்ல பிரிவு. ஒன்று, இரண்டு என்றால் நடுத்தரம். மூன்றும் அதற்கு மேலும் மோசமான பிரிவு.

நன்னிலம் பக்கத்தில் எனக்கு ஓர் உறவினர், முறையில் பெரியப்பா. அவர் மகன் கொண்டுவந்த ரத்த ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 10.6. பிளேட்லெட் 4.9 லட்சம். "அண்ணே, ஹீமோகுளோபின்தான் கம்மி, பிளேட்லெட் நல்லா இருக்கு பாருங்க" என்றான். டெங்கு காலத்தில் பிளேட்லெட் இறங்கினால் என்ன பதற்றம் என்று பார்த்த பிள்ளை. ஏறியிருந்தால் நல்லது என்று நினைப்பது இயல்புதான். இங்கே அது ஒரு ஆபத்துப் புள்ளி. கட்டி வெளியேற்றும் ஐஎல்-6 போன்ற சமிக்ஞைகள் எலும்பு மஜ்ஜையை விரட்டிப் பிளேட்லெட்டையும் நியூட்ரோஃபிலையும் கூட்டுகின்றன. ஸ்கேன் பார்க்காமலே, இரண்டு மில்லி ரத்தத்தில் கட்டிக்கும் உடம்பின் எதிர்ப்புக்கும் நடக்கும் தகராறு தெரிந்துவிடுகிறது. நோய் தெரிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அது மூன்றாவது புள்ளி. ஆக மோசமான பிரிவு. கால்சியத்தைப் பார்க்கும்போது ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தை வைத்துத் திருத்திய அளவைக் கேட்க வேண்டும். ஆல்புமின் குறைந்தவருக்குச் சாதாரண அளவு ஏமாற்றிவிடும்.

நல்ல பிரிவில் கணக்கு தலைகீழ். செக்மேட்-214-இல் நல்ல பிரிவினருக்கு இரட்டை ஊசியில் 29 சதவீதம் பேருக்குத்தான் கட்டி சுருங்கியது, சுனிட்டினிப்பில் 52. மாத்திரையும் ஊசியும் சேர்ந்த வழியிலும் நல்ல பிரிவினருக்குச் சுருக்கம் கூடுகிறதே தவிர, ஆயுள் கூடியதாகக் கீநோட்-426 காட்டவில்லை. அதனால்தான் நிலத்தை விற்காதீர்கள் என்கிறேன். நுரையீரலில் இரண்டு மூன்று சின்னப் புள்ளிகள், மெதுவாக வளர்கின்றன, உடம்பு திடமாக இருக்கிறது என்றால் மருந்தே தொடங்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கவனிப்பதுகூட ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிதான். "சும்மா விட்டுட்டீங்களே" என்று ஊர் பேசும். பேசட்டும்.

கட்டியுள்ள சிறுநீரகத்தை முதலில் எடுத்துவிடலாமா என்றும் கேட்பார்கள். நடுத்தர, மோசமான பிரிவுகளில் ஆபரேஷன் செய்துவிட்டுச் சுனிட்டினிப் கொடுத்ததைவிட, ஆபரேஷன் இல்லாமல் கொடுத்தது குறைந்துபோகவில்லை என்று 2018-இல் வந்த கார்மினா சோதனை காட்டியது. அவசரப்பட்டு மேசையில் ஏற வேண்டாம்.

இனி தூரம். இம்யூனோதெரபி ஊசியில் முடி கொட்டாது, வாந்தி குறைவு, பார்வைக்கு ஆள் நன்றாகவே இருப்பார். அங்கேதான் ஆபத்து. பிரேக் எடுத்த டி செல்கள் குடலையோ நுரையீரலையோ கல்லீரலையோ தைராய்டையோ பிட்யூட்டரியையோ தாக்கலாம். கடைசி ஊசி போட்டு மாதங்கள் கழித்தும் வரலாம். வயிற்றுப்போக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போட்டால் குடல் ஓட்டையாகும்வரை தெரியாது. வறட்டு இருமலும் மூச்சு வாங்குவதும் மார்கழிச் சளி என்று விட்டுவிடலாம். இவற்றுக்கு மருந்து ஸ்டீராய்டு, அதுவும் தாமதமின்றி, சரியான அளவில். வேதாரண்யத்திலிருந்தோ கோடியக்கரையிலிருந்தோ தஞ்சாவூருக்கே சுமார் நூறு கிலோமீட்டர். ஊசி சென்னையிலோ வேலூரிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ போட்டாலும், அவசரத்துக்கு ஓடப்போவது பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான். அங்கே இருக்கும் டாக்டர் கையில் கொடுக்க, என்ன ஊசி, எப்போது போட்டது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏற்பாடு இல்லாமல் இரட்டை ஊசி வழியை நான் ஆதரிக்க மாட்டேன்.

மாத்திரையும் ஊசியும் சேர்ந்த வழியில் இன்னொரு சிக்கல்: வயிற்றுப்போக்கு எதனால் என்று தெரியாது. ஆக்சிட்டினிப் சில மணி நேரங்களிலேயே ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும் மருந்து. டாக்டர் அதை நிறுத்தச் சொல்லி ஓரிரு நாளில் போக்கு அடங்கினால் குற்றவாளி மாத்திரை, அடங்காவிட்டால் ஊசி. தூரத்தில் இருப்பவர்களுக்கு ஆக்சிட்டினிப்பை நான் விரும்புவதற்கு இது ஒரு காரணம். பெம்ப்ரோலிசுமாப்பை மூன்று வாரத்துக்கு 200 மில்லிகிராம் என்பதற்குப் பதில் ஆறு வாரத்துக்கு 400 என்றும் போடலாம், பயணம் பாதியாகிவிடும். நன்னிலத்துப் பெரியப்பாவுக்கு அவருடைய டாக்டர் கடைசியில் தேர்ந்தெடுத்தது இந்த வழியைத்தான்.

மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவர்கள், ஏற்கெனவே நோய் எதிர்ப்பு தன்னையே தாக்கும் முடக்குவாதம், லூபஸ் போன்றவை உள்ளவர்கள் ஊசிக்கு முன் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

செலவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை உண்டு. ஆனால் எந்த மருந்து, எந்த ஆஸ்பத்திரியில், எந்தப் பிரிவில் சேரும் என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குறைந்த அளவு ஊசி பற்றியும் பேச்சு வரும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை நிவோலுமாப்பை மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துச் சோதித்தது; வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆக உயர்ந்தார்கள். நம் நாட்டு ஏழைகளுக்காக நம் நாட்டில் நடந்த அருமையான வேலை அது. ஆனால் அது வாய், தொண்டைப் புற்றுநோயில், வேறு மாத்திரைகளோடு சேர்த்து நடந்தது. சிறுநீரகப் புற்றுநோயில் முழு அளவு ஊசியின் செலவு எட்டவே எட்டாது என்னும்போது டாக்டரோடு பேசிப் பார்க்க வேண்டிய வழி. முழு அளவுக்குச் சமம் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

நான்காவது, பெல்சுட்டிஃபான். விஇஜிஎஃப், பிடி-1 எல்லாம் கீழே நடக்கும் வேலைகள். இது மேலே போய் ஹிஃப்-2 ஆல்ஃபாவையே பிடிக்கிறது. ஒரு நாளைக்கு 120 மில்லிகிராம், ஒரே வேளை. பிறவியிலேயே விஎச்எல் கோளாறு உள்ளவர்களுக்கு 2021-இலும், மற்ற மருந்துகள் கேட்காத பரவிய நோய்க்கு 2023 டிசம்பரிலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எவரோலிமஸ் மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனையில் கட்டி சுருங்கியவர்கள் சுமார் 22 சதவீதம், எதிர்த் தரப்பில் 3.5. ஒன்றரை ஆண்டு கழித்தும் நோய் மோசமாகாதவர்கள் 24 சதவீதம், அங்கே 8.3. ஆயுள் கூடியதாக அந்தச் சோதனை நிரூபிக்கவில்லை. படிக்க அழகான மருந்து, எனக்கு இதன் மேல் தனிப் பிரியமே உண்டு. ஆனாலும் முதல் மருந்தாகத் தேடி அலைய வேண்டியதில்லை. ஊசியும் மாத்திரையும் பார்த்த பிறகு வர வேண்டியது. இது ஹிஃப்-2-ஐ மட்டும் பிடிப்பதும் ஒரு நன்மை. டி செல்கள் சண்டைக்குச் சர்க்கரையை எரிக்க, அதே குடும்பத்தின் இன்னொரு உறுப்பினரான ஹிஃப்-1-ஐ நம்பியிருக்கின்றன. இரண்டையும் சேர்த்து அடைத்தால் நம் படைக்கும் அடி விழும்.

பக்கவிளைவு, பாதையைப் படித்தவர் முன்கூட்டியே ஊகிக்கக்கூடியது. எரித்ரோபொயட்டின் ஹிஃப்-2 சொல்லித்தான் சுரக்கிறது. அதை அடைத்தால் ரத்தசோகை. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவும் சிலருக்கு இறங்கும். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கருவி வீட்டில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் கூடவே கூடாது.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ரத்தசோகைக்கு டெசிடுஸ்டாட் என்ற மாத்திரை இந்தியாவில் 2022-இலிருந்து கிடைக்கிறது. ஊசி போடாமல் ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது, பலருக்கு வரப்பிரசாதம். அது வேலை செய்வது பிஎச்டி நொதியை அடைத்து ஹிஃப்பைத் தங்கவைப்பதன் மூலம். அதாவது பெல்சுட்டிஃபானுக்கு நேர் எதிர்த் திசை. ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டு, மற்றதும் தளர்ந்து, ரத்தசோகையோடு சிறுநீரக டாக்டரிடம் போகும் புற்றுநோய்க்காரருக்கு இந்த மாத்திரை எழுதப்படலாம். புற்றுநோய் ஃபைல் வேறு ஆஸ்பத்திரியில் கிடக்கும். புற்றுநோய் இருக்கிறது, இருந்தது என்பதை அந்த டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். எரித்ரோபொயட்டின் ஊசி, இரும்பு ஊசி, ரத்தம் ஏற்றுவது என்று வேறு வழிகளை இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்யட்டும். இரண்டு ஃபைலையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள்.